நாற்பத்தெட்டாயிரத்து நூற்றுப் பதினேழாவது

இந்த வலையில் மீன் விழாது.
வாடன் கடல் முழுக்க விரித்திருக்கிறேன்
தெக்செல் தீவு தொடங்கி எம்ஸ் ஆற்றின் முகம் வரை,
கண்ணுக்கு மூன்று மூலை.

ஆழத்தில் கண்கள் பெரியவை,
ஒன்றுக்குள் ஒரு பட்டணம் அடங்கும்.
கரை நெருங்க நெருங்கச் சிறுத்து
சேற்று வாய்க்கால் நெளிகிற இடத்தில்
மாட்டுக்கொட்டகை அளவுக்கு வந்துவிடும்.
சதுரங்களை வைத்துப் பார்த்தவர்கள் உண்டு.
கரை படிக்கட்டாகிவிட்டது அவர்களுக்கு.

ஒரு கண் பேசுவது
தன் மூன்று அண்டை வீட்டோடு மட்டும்:
எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது,
மிச்சம் என்ன.
இந்த மளிகைக் கணக்கை
இரவெல்லாம் போட்டுப் போட்டு
அதற்குப் புயல் என்று பெயர் வைக்கிறோம்.

இந்தப் புயல் நாங்கள் செய்தது.
வடமேற்குக் காற்று, பௌர்ணமி ஓதம்,
இரண்டையும் ஒரே இரவில் சேர்த்தோம்.
வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும்.
புயலுக்குள் மணி மூன்று பத்துக்குக்
கணக்கு செத்தது.

முக்கோணம் 48117.
நீரின் ஆழம்: எண் அல்ல.

எண் அல்லாத தண்ணீரை
நான் பார்த்ததில்லை. நீங்கள்?

எதிர் மேசையிலிருந்து வோப்கே எட்டிப் பார்த்தான்.
"ஊசி" என்றான்.
உண்மைதான். ஒரு கோணம் நாலே பாகை.
மெலிந்த முக்கோணத்தில் நீர் நுழைந்தால்
ஒரு அடி எடுத்து வைப்பதற்குள்
மறுபக்கம் வெளியே விழுந்துவிடும்.
"அந்த முனையை நாற்பது மீட்டர் உள்ளே தள்ளு.
எல்லோரும் செய்வதுதான்."

தள்ளினேன்.
கணக்கு குதிரையாய் ஓடியது.
விடியலில் புயல் ஓய்ந்தது, அணை நனையவில்லை,
வரைபடம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

பிறகு ஏனோ
வான்படத்தை அடியில் வைத்துப் பார்த்தேன்.
நான் தள்ளிய அணை
ஒரு சிவப்பு ஓட்டுக் கூரைமேல் ஏறி நின்றது.

ஊஸ்டர்ஸ்லீக்குக்கு
எதிர்காற்றில் சைக்கிளில் இரண்டு மணி நேரம்.
முதுகில் அளவுகோல், வாயில் உப்பு.
அணையில் ஒரு வெட்டு,
டிராக்டர் ஒன்று நுழையும் அகலம்.
அதன் இரு கன்னங்களும்
வயலுக்கு நடுவே எங்கோ ஒரு முனையும்:
என் ஊசி.
பிழையென்று நான் அழித்தது
ஒரு வாசல்.

வீட்டுக்காரி பெயர் ஹில்லெ.
ரப்பர் காலணியைக் கழற்றாமலே கேட்டாள்,
"என் அடுக்களையில் எத்தனை சென்டிமீட்டர்?"

"வெட்டை அடைப்பீர்களா?"

"காற்று ஏறினால் பலகை போடுவோம். எட்டுப் பலகை."
கொட்டகையைத் திறந்து காட்டினாள்.
ஒன்று, இரண்டு,
ஆறு.
மற்ற இரண்டும் மூலையில்
ஒரு புள்ளிக் கன்றைச் சுற்றி நின்றன.
கன்று என்னைப் பார்த்தது,
அளவுகோலை நக்கியது.

திரும்பி வந்து
முனையை அதன் இடத்திலேயே வைத்தேன்.
ஊசியைப் பத்தொன்பது சிறு கண்களாக உடைத்தேன்.
கண் சிறுத்தால் காலமும் சிறுக்கும்;
அரை வினாடி, கால் வினாடி என்று
கணக்கு நத்தை நடை போட்டது.
வெட்டுக்கு ஆறு பலகை உயரம் கொடுத்தேன்.

மூன்று பத்து கடந்தது.
மூன்று நாற்பதுக்கு
ஆறாம் பலகையின் மேல் மெல்லிய நீலம்.
நான்கு ஐந்துக்கு அடுக்களையில்
முப்பத்தோரு சென்டிமீட்டர். எண்தான்.

எட்டுப் பலகை வைத்து மறுபடி ஓட்டினேன்.
வரவில்லை.

ஹில்லெயை அழைத்தேன்.
நெடுநேரம் மௌனம்.
பின்னால் கன்று கத்தியது.
"அப்போ இதை எங்கே கட்டுவது?" என்றாள்.

என் வலையில் அதற்குப் பதில் இல்லை.
அறிக்கையைத் திங்களுக்குத் தள்ளச் சொல்லி எழுதினேன்.
வோப்கே இப்போது மரக்கடையில் நிற்கிறான்,
தடிமன் என்ன என்று கேட்டு
மூன்றாவது தடவை கூப்பிடுகிறான்.