நாலரை அங்குலம்

செவ்வாய், பகல் பதினொன்று.
மஸ்கீகனில் பனி நின்று இரண்டு மணி நேரம்.
சாலைகளைச் சுரண்டிய வண்டியைக் கொட்டகையில் விட்டு
நேரே வந்துவிட்டேன், தூங்காமல்.
டம்பிள்வுட்டில் முப்பத்திரண்டு ஓடுதளங்கள்.
விளக்கு எரிவது இரண்டில்.

வெண்டல் ஓவர்பீக் பந்தைத் துண்டில் சுற்றி ஏந்தி வருகிறான்,
பிரசவ அறையிலிருந்து வெளியே வருகிறவனைப் போல.
பதினைந்து பவுண்டு. கரும்பச்சை,
அதனுள் செம்பு நிறத்தில் ஒரு புகை.
துளையிட்ட வாசம் இன்னும் போகவில்லை,
பல் ராவும்போது மூக்கில் ஏறுமே, அது.
விரல் துளைகளுக்கு மேலே நகமளவு மஞ்சள் புள்ளி.
உள்ளே சாய்ந்து கிடக்கும் கருவின் உச்சி
அங்கேதான் இருக்கிறதாம்.

"உன் அச்சிலிருந்து நாலரை அங்குலம்.
நீளமாகப் போகும். கடைசியில்தான் திரும்பும்."
அவனுடைய அட்டையில் என் கை எண்களாக இருக்கிறது:
விரலிடைத் தூரம், சாய்வு, கட்டைவிரலின் சுற்றளவு.
ஆறு வருடத்துப் பென்சில்.

கட்டைவிரல் துளை கொஞ்சம் இறுக்கம்.
உள்ளிருந்து ஒரு நாடாவை உரித்தேன். சரி.

முதல் வீச்சு.
கையை விட்டதும் நன்றாகத்தான் வழுக்கிப் போனது.
எண்ணெய் பாதிகூட முடியவில்லை,
அடுப்பை அணைக்காதது நினைவுக்கு வந்தவளைப் போல
சட்டென்று திரும்பி
முதல் பின்னின் மூக்கிலேயே மோதியது.
ஓரத்துக்கு இரண்டாக நான்கு பின்கள் மிச்சம்,
நடுவே என் பனிவண்டி புகுந்து போகலாம்.

இன்னும் நாலு தடவை.
நாலு தடவையும் அதே அவசரம்.
ஆடத் தெரியாதவள் கூடத்தைச் சொன்னாளாமே,
நானும் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்:
துளை கோணல், எண்ணெய் கோணல், வெண்டல் கோணல்.

அவன் காபியை வைத்துவிட்டு வந்து
நான் துடைப்பதற்குள் பந்தைப் பிடித்துக்கொண்டான்.
விளக்கில் சாய்த்தான்.
எண்ணெய் வளையங்கள், ஒன்றையொன்று தொடாமல்,
விசிறி மடிப்பு மாதிரி.
மெழுகுப் பென்சிலால் தடம் பிடித்து
வளைந்த அளவுகோலை வைத்து, எடுத்து,
மறுபடியும் வைத்தான்.

"முக்கால் அங்குலம் நகர்ந்திருக்கிறது உன் அச்சு.
கையை என்ன செய்தாய்?"

போன வருஷத்துக்கு முந்தைய ஜனவரி.
வண்டிப் படியில் ஐஸ்.
ஒரு தகடு, ஆறு திருகாணி.
எலும்பு கூடிவிட்டது என்றார் மருத்துவர்.
காப்பீட்டுக்காரர்கள் முழுக் குணம் என்று எழுதிய இடத்தில்
நானே கையெழுத்துப் போட்டேன்,
அதே கை என்று நினைத்து.
அதே கையால்தான் சவரம், ஸ்டியரிங்,
எதிர்வீட்டு டோரீன் சிமன்ஸ்கிக்கு அசைப்பதும்.
ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.
பந்து ஐந்தே உருட்டலில் சொல்லிவிட்டது.

வெண்டலுக்குக் காது சிவந்துவிட்டது.
"அளக்காமல் போட்டது என் தப்பு. காசு வேண்டாம்.
அடைத்து வேறு துளை போடுகிறேன், வியாழனுக்குள் காய்ந்துவிடும்."

இரு என்றேன்.

ஆறு பலகை இடப்பக்கம் தள்ளி நின்றேன்.
இத்தனை வருஷத்தில் என் கால் படாத இடம்.
யாரோ பந்தைத் தவறவிட்ட பள்ளம் ஒன்று
தரையில் இருந்தது, இதுவரை பார்த்ததே இல்லை.
விளக்கு வேறு விதமாகப் பளபளத்தது.
வலது சாக்கடை விளிம்பைப் பார்த்து விட்டேன்.

போயிற்று.
விழப்போகிறது என்று வெண்டல் மூச்சை இழுத்தது கேட்டது.
விளிம்பிலேயே ஒரு கணம் யோசித்துவிட்டு
உள்ளே வந்தது.

ஒன்பது.
சுவரில் பட்டுத் திரும்பிய பின் ஒன்று
பத்தாம் பின்னை முகர்ந்துவிட்டு
அப்படியே உருண்டு போய்விட்டது.

வெண்டல் அட்டையை எடுத்து ஒரு எண்ணை அழிக்கிறான்.
காகிதம் மெலிந்ததே தவிர
ஐந்தின் தழும்பு போகவில்லை.
அதன் மேலேயே புதியதை எழுதுகிறான்.

பத்தாம் பின் இன்னும் நிற்கிறது.
அதற்கு இந்தப் பந்து வேண்டாம்.
வாடகை அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் ஆரஞ்சு உண்டு,
நேராகத்தான் போகும்,
யார் கைக்கும்.