கழிவு

பொகவந்தலாவையில் ஐப்பசி மழைக்கு
நேரம் காலம் கிடையாது.
தகரத்தில் விழும் சத்தத்தை
அலை அலையாகப் பிரித்து
ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கி
மறுபடி சேர்த்தால்
எவ்வளவு பெருகும்?
அதுதான் என் வேலை.
எதை உள்ளே விட்டாலும்
வெளியே வருவது இத்தனை மடங்கைத் தாண்டாது
என்று சொல்லும் ஒரு மாறிலி.

இரண்டு போதும் என்று பங்குனியிலேயே நிறுவிவிட்டேன்.
போதும் என்பது சுலபம்,
நூறும் போதும்.
எதற்குக் கீழே போனால் போதாது?
ஏழு மாதமாய் அங்கேதான் நிற்கிறேன்.

தங்கச்சி குணவதி
படங்கை அவிழ்க்காமலே உள்ளே வந்தாள்.
"பதினேழு அறநூறு. அரைப் பேரு."
நோர்ம் பதினெட்டு.
என் தாளிலும் அதே சொல்தான்,
இரண்டிரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில்.

"தராசு பத்தொம்பது அறநூறு காட்டுச்சு.
சாக்குக்கும் தண்ணிக்கும்னு
ரெண்டு கிலோ கழிச்சிட்டாங்க."

ரெண்டா?

"வெயில்லயும் ரெண்டு. மழையிலயும் ரெண்டு."

மறுநாள் மழை விட்டிருந்தது.
நிறுவையில் அவள் செய்ததை
புஷ்பமேரி மூச்சு வாங்கச் சொன்னாள்:
காய்ந்த கொழுந்தைத் தட்டில் கொட்டி நிறுத்தாளாம்.
அதையே சாக்கோடு பீலியில் முக்கியெடுத்து,
சொட்டச் சொட்ட,
மறுபடி தொங்கவிட்டாளாம்.
வித்தியாசம் ஒன்று முந்நூறு.
"இதுக்கு மேல நனைய வழியிருந்தா
நீங்களே நனைச்சுக் காட்டுங்க."
கணக்கப்பிள்ளை
ஏழாம் நம்பர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

நான் இத்தனை நாளும்
மேலிருந்தே அமுக்கிக்கொண்டிருந்தேன்.
மிகக் கனத்த அலையைத் தேடி
ஒருநாளும் இறங்கவில்லை.

அன்றிரவு ஒன்றை எடுத்தேன்:
பூச்சியத்தருகே ஊசியாய் எழும்பி
தூரத்தில் மெல்ல மெல்லத் தேய்வது.
ஒன்று தசம் எட்டு.
ஊசியை இன்னும் கூராக்கினேன்.
ஒன்று தசம் ஒன்பது ஏழு.
இன்னும்.
இரண்டைத் தொடும் அலை
எங்கேயும் இல்லை,
ஆனால் இரண்டுக்கு ஒரு மயிரிழை கீழே
எந்தக் கோடு கிழித்தாலும்
அதைத் தாண்டும் ஓர் அலை உண்டு.

ஆக என் இரண்டு சரி.
அவர்களுடைய இரண்டுதான் பிழை.
குணவதியிடம் சொல்ல
எழுப்பப் போனேன்.
ஈரக் கால்களைக் கம்பளிக்கு வெளியே நீட்டி
தூங்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை,
கழிவை ஒன்றரையாகக் குறைத்திருந்தார்கள்.
லயமே அதைப் பேசியது.
அவள் வாசலில் குந்தி
சாக்கைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:
"இன்னும் எறநூறு கெடக்கு."