மேன் தீவின் நிழல்

கிழக்குக் காற்று என்று சொன்னார்கள் திங்கட்கிழமை.
செவ்வாய் மாலைக்குள்
எங்கள் சமையலறை கப்பல்தளம் ஆகிவிட்டது.
மேசை முழுக்க வரைபடங்கள்,
சம அழுத்தக் கோடுகளின் மேல் ஆறிப்போன டோஸ்ட்.
உல்ட்டனின் இடது கை எந்நேரமும் ஜன்னல் திரையில்.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில்
கழித்தல் ஒன்பதாம்.
கடலின் சூடு ஏழாம்.
நடுவே பதினாறு டிகிரி.
அது போதும் என்கிறான், அது போதும்,
ஜாதகம் பொருந்திவிட்ட பெண்வீட்டார் மாதிரி.

எட்டு மணிக்கு ஃபியாக்ரா வந்தான்,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவன்.
விழுந்தால் நாளை அவனுக்கு விடுமுறை.
அதற்காக இல்லை என்று
கேட்காமலே சத்தியம் செய்தான்.
ஒன்பதுக்கு மருந்துக்கடை கோப்னெட்,
ஈரத்துணி சுற்றிய வெப்பமானியோடு.

ஸ்கெரீஸில் தெருவிளக்குகளையெல்லாம்
மூன்று வருடம் முன்பு வெள்ளையாக்கினார்கள்.
வெள்ளை வெளிச்சத்தில் வெள்ளை விழுவது தெரியாதென்று
பதினோரு கடிதம் எழுதினான் உல்ட்டன்.
படகுத்துறைத் திருப்பத்தில்
மஞ்சள் விளக்கு ஒன்று மிஞ்சியது.
கடிதத்தால் இல்லை.
அந்தக் கம்பம் யார் கணக்கில் என்று
அவர்களுக்கே தெரியவில்லை.

அதன் கீழே மூவரும் நின்றார்கள்,
கழுத்து வலிக்க, வாய் லேசாகத் திறந்து.

நான் அவர்களிடம் சொல்லவில்லை.
காலை ஆறு மணிக்கு ஸ்வோர்ட்ஸில்
திருமதி கெஹோவுக்கு இன்சுலின் போட வேண்டும்.
பிறகு இன்னும் நான்கு வீடு.
கார் டிக்கியில் மண்வெட்டி, உப்பு, ஒரு கம்பளி.
ஒரே படுக்கையில் இரண்டு வேண்டுதல்
முதுகு காட்டிக்கொண்டு படுத்தால்
எந்தக் கடவுள் தலையிடுவார்?

பதினொன்றுக்கு ரேடாரில் நீலப் பட்டை ஒன்று
கடலைத் தாண்டி நேராக எங்களை நோக்கி வந்தது.
வந்து, பிளந்தது.
மேன் தீவு. எப்போதும் அந்த மேன் தீவு.
காற்றின் வழியில் குந்திக்கொண்டு
எங்கள் பங்கைத் தின்கிற தீவு.
வடக்கே விழும். தெற்கே விழும்.
நடுவில் நாங்கள்,
இலை போட்டுவிட்டு
பரிமாற மறந்துபோன பந்தி.

இரண்டு மணிக்கு நட்சத்திரங்கள் வந்தன.
நட்சத்திரங்களை அப்படிக் கெட்ட வார்த்தையால்
யாரும் திட்டி நான் கேட்டதில்லை.

மூன்றுக்குப் படுக்க வந்தான்.
பாதம் இரண்டும் ஐஸ்பெட்டி மீன்.
தூங்குவதாக நடித்தேன்.
வேண்டுதல் பலித்தவள்
திருடி மாதிரி மூச்சடக்கிக் கிடந்தேன்.

லஸ்க் தாண்டியதும்
சாலையின் குறுக்கே ஒரு கோடு.
இந்தப் பக்கம் கருப்பு.
அந்தப் பக்கம் கணுக்கால் ஆழம்.
கார் ஊர்ந்தது, வழுக்கியது,
உப்பைத் தூவி, தீவைத் திட்டி,
இருபது நிமிடம் தாமதம்.
திருமதி கெஹோ நைட்டியோடு ஜன்னலில் நின்று
பார்த்தாயா, பார்த்தாயா என்றாள்,
ஊசியை மறந்து, சர்க்கரையை மறந்து.

சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தேன்.
அவள் தோட்டச் சுவரின் மேல்
பூனைகூட நடக்காத இடமாகப் பார்த்து
அள்ளி அடைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
பல் கிட்ட ஓட்டினேன் மற்ற நான்கு வீட்டுக்கும்.

மதியம் மேசையில் வைத்தேன்.
மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தான்.
விரலால் கிள்ளி நாக்கில் வைத்தான்.
நல்ல சரக்கு என்றான், உலர்ந்தது.
பிறகு நோட்டை இழுத்து
இன்றைய தேதிக்கு நேரே
பூஜ்யம் எழுதினான்.
இங்கே விழுந்திருக்க வேண்டும் என்றான்.
கொண்டுவந்தது கணக்கில் சேராது.

டப்பா இப்போது ஃப்ரீசரில்,
பட்டாணிக்கும் மீன் துண்டுக்கும் நடுவே.

இரவு புது வரைபடம்.
காற்று நான்கு டிகிரி திரும்புமாம்.
நான்கே டிகிரி, தீவை ஒதுக்கிவிடும்.
கோப்னெட் வந்தாயிற்று. ஃபியாக்ரா பேருந்தையே கொண்டுவந்துவிட்டான்.

நாளை எனக்கு விடுப்பு.
கோட்டை எடுத்து மாட்டுகிறேன்.
எங்கே என்கிறான்.
கம்பத்துக்கு என்கிறேன்.
கொஞ்சம் நகர்ந்து நில்.