ஓம்புயிர்

சிம்பாங் அம்பாட்டில் மழை.
தகரக்கூரை பேச்சை விழுங்கிவிடுகிறது.
தாபா விரல்களால் சொல்கிறான்:
பதினேழாம் கூண்டு.
எச்சத்தில் ரத்தம்.

எதிர்பார்த்ததுதான்.
பதினேழு வெறும் தண்ணீர் குடித்த கூட்டம்.
மற்றவற்றுக்கு மூன்றாம் நாளிலேயே
நோயைக் குடிக்கக் கொடுத்திருந்தோம்,
கொஞ்சமாய், கைவைத்துத் திருத்தி.
ஐந்து நாளுக்கு முன்னால்
எல்லாக் கூண்டிலும் திருத்தாத வகையைக் கலந்தோம்.

ஒட்டுண்ணி:
ஒட்டும், உண்ணும்.
பெயரிலேயே வாக்குமூலம் கொடுத்துவிட்ட ஜீவன்.
அதன் மரபுச் சரட்டைப் பிரித்து
வேறொரு கிருமியின் சட்டைத் துணியில் ஒரு துண்டைத்
தைத்து அனுப்பினோம்.
குடலுக்குள் போய்ப் பிழைக்கும், பெருகும்,
பெருகும்போதே அந்தக் கிருமியையும் காட்டிக்கொடுக்கும்.
அடையாளத்துக்குக் கொஞ்சம் சிவப்பும் சேர்த்தோம்.
நீல ஒளியில் பார்த்தால்
ஆறரை மணிக்குப் பினாங்குப் பாலத்தில்
நகராமல் நிற்கும் பின்விளக்குகள்.

இடம் கொடுக்கும் உயிருக்கு
ஓம்புயிர் என்கிறது பாடநூல்.
யார் வைத்த பெயரோ.
வாசலில் நின்று வரவேற்றதாக
எந்தக் கோழியும் என்னிடம் சொன்னதில்லை.

தவுக்கே சியா கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார்.
போன வருடம் பண்ணையில் எண்ணாயிரம் போனது அவருக்கு.
ஒரு கோழிக்கு எத்தனை சென்?
இன்னும் தெரியாது.
உயிரோட இருக்கிறதையா தண்ணியில விடுறீங்க?
ஆமாம்.
பக்கத்துப் பண்ணைக்கு ஓடிட்டா?
மூன்று கதவு, இரண்டு குளியல்,
என் செருப்புகூட வெளியேதான் என்றேன்.
செருப்பைப் பார்த்தார்.
அது அவருக்குப் போதவில்லை.
எனக்கும் சில இரவுகளில் போதுவதில்லை.

மறுநாள் காலை அறுத்தோம்.
பதினேழில் ஆறு: குருட்டுக்குடல் இரண்டும்
கருத்து, வீங்கி, கட்டி ரத்தம்.
ஒன்பதில் ஆறு: பழுப்பு. சாதாரணம்.
சாந்தேக், என்றாள் ஹஸ்னிடா.
அழகுதான்.
பிழைத்தது என்று சாட்சி சொல்லப்
பிழைத்ததன் வயிற்றைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.
இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை.
பன்னிரண்டாவது கோழியில்
கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மதியம் நாசி கண்டார் கடையில்
ஆயாமா, என்று கரண்டியைத் தூக்கினார்.
கணவாய், என்றேன்.

மாலை எண்ணிக்கை.
கட்டம் போட்ட கண்ணாடி, ஐந்தாம் தலைமுறை.
இருநூற்றில் நூற்று எண்பத்தொன்பது சிவப்பு.
மீதி இருட்டு.
சாகவில்லை. உருண்டையாய், திடமாய்,
நாங்கள் தைத்ததை மட்டும்
வழியில் எங்கோ கழற்றிப் போட்டுவிட்டு.
எதற்காகச் சுமக்கும்?
கோழிக்கு நல்லது என்பது
அவற்றின் கவலையில் எத்தனாவது?
குறை சொல்ல எனக்கும் வாயில்லை.
என் மகள் வீட்டில்
மலாயில்தான் சண்டை போடுகிறாள்.

டாக்டர் தியோ தொலைபேசியில்:
நிதிக்குழு நாளைக்குப் படிக்கும்,
'பெரும்பாலும் நிலைத்தது' என்று எழுதினால் போதும்.
பொய்யில்லை அது.
எழுதினேன்.
சியா செருப்பைப் பார்த்த பார்வை
ஏனோ அந்தச் சொல்லின்மேல் வந்து உட்கார்ந்தது.
அடித்தேன்.

பதினொன்று மினுங்கவில்லை.
எண்ணாலும் எழுதி, எழுத்தாலும் எழுதினேன்,
காசோலையில் எழுதுவதுபோல்.

முதல் கதவு. குளியல்.
இரண்டாம் கதவு. குளியல்.
மூன்றாவதைத் திறந்தால்
மழை விட்டிருந்தது.
செருப்புக்குள் தண்ணீர்.