பதினோரு வார வாடகை

பதினோரு வார வாடகைக்குப் பதிலாக
இதை விட்டுவிட்டுப் போனான்.
"ஈரம் காயவில்லை மதாம், தொடாதீர்கள்" என்று
கூடவே ஒரு துண்டுச்சீட்டு.
ஃபெகாம் துறையில் ஆறு படகுகளாம்.
எண்ணிப் பார்த்தேன்,
நாலரை.

அடுப்புக்கு மேலே மாட்டினேன்.
காரை பெயர்ந்த இடம் மறைந்தது.
அந்த மட்டில் லாபம்.

சூப் குடிக்க வருகிறவர்கள்
கரண்டியை வைத்துவிட்டுச் சண்டை பிடிக்கிறார்கள்.
கயிறு எங்கே, என்கிறான் லெயோன்ஸ்,
கயிறில்லாத பாய்மரம் பல்குச்சி.
கலப்பத்து வேலை செய்யும் அன்செல்ம்
அந்தப் பச்சைப் படகில் கால் வைக்கமாட்டானாம்,
பலகைக்குப் பலகை
அவன் கட்டைவிரல் நுழையுமாம்.
கடல் ஊதாவாக இருக்கிற ஊர் எது,
சொல்லுங்கள், போய்ப் பிழைக்கலாம்.

கப்பலுக்கு வழிகாட்டுகிற தெயொதூல்
வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.
மூக்கில் வர்ணம் ஒட்டுகிற தூரத்தில் நின்றான்.
பிறகு பின்னாலேயே நடந்தான்,
கதவு முதுகில் இடிக்கும்வரை.

"வற்றம் தொடங்கி அரை மணி.
வாடை இப்போதுதான் விழுந்திருக்கிறது.
மார்ச். காலை ஏழேகால்."

அப்புறம் யாரும் கயிறு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும்
வெட்டிய உருளைக்கிழங்கால் புகை துடைக்கிறேன்.
தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில்
நெருநெருவென்று மணல், துறையின் நிஜ மணல்,
ஒரு மீன் செதில்கூட.
காற்றும் கொஞ்சம் வரைந்திருக்கிறது போல.

வலது ஓரத்தில்
ஒரே இழுப்பில் கறுப்பாய் ஒன்று,
அதன் நடுவே வெள்ளைப் பொட்டு.
கயிறு கட்டும் குற்றி என்கிறார்கள்,
தெயொதூலும்தான்.

அந்த இடத்தில் குற்றி கிடையாது.

அங்கே நின்றது நான்.
கறுப்புச் சால்வை, கையில் கணக்குச் சீட்டு,
அவன் தலை நிமிரட்டும் கேட்டுவிடலாம் என்று.
கால் மரத்துப்போகும்வரை நின்றேன்.
நிமிரவேயில்லை என்றுதான்
இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால், குற்றிக்குப் பெயர் சிதோனி என்று
துறை முழுக்கச் சிரிக்கும்.

போன வாரம் ரூவானிலிருந்து
ஒரு துணி வியாபாரி,
படத்துக்கு நாற்பது ஃபிராங்க் என்றான்.
நாற்பத்து நாலு, என்றேன்;
பாக்கி சரியாக அவ்வளவு.
சரி என்று பையைத் திறந்தான்.
ஓரத்தைப் பார்த்தேன்.
அறுபது, என்றேன்.
அவன் யோசித்தான்.
அதற்கும் சரி சொல்லிவிடுவானோ என்று
வயிற்றில் புளி கரைய,
சூப் ஆறுகிறது ஐயா, என்றேன்,
முதலில் சாப்பிடுங்கள்.