பூட்டுப் பதிவேடு

பள்ளிப்பட்டு கிளைச் சிறை, மாலை ஆறு.
ஒன்பது பணியிடம், ஆள் நாலு;
ஒருத்தர் பயிற்சிக்கு வேலூர்,
ஒருத்தருக்கு மஞ்சள் காமாலை,
இன்னொருத்தர் ராத்திரி ஷிப்டு, இன்னும் வரவில்லை.
பதிவேட்டில் இருபத்து மூன்று.
எண்ணினால் இருபத்திரண்டு.

வயிறு கலங்கிப் போச்சு.
நகரிக்காரர் முனிரத்தினம், செம்மரக் கேஸ்,
கம்பிக்குள்ளிருந்து தானே எண்ண ஆரம்பித்தார்:
"ஒகட்டி, ரெண்டு, மூடு..."
மூடு என்றதும் என் கை
தன்னால் தாழ்ப்பாளுக்குப் போனது.
அறையே சிரித்தது.

பின்கட்டில் ஜலீல்
குழம்பு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தான்.
சமையல் ஆள் இல்லாத ரெண்டாம் வருஷம்;
அனுப்பியதே நான்தான்.

ஈரக் கையோடு வரிசையில் வந்து நின்றான்.
பூட்டியவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.
சரிபார்த்தவர் கட்டத்திலும்
என் பெயரையே எழுதினேன்,
கொஞ்சம் சாய்த்து.