முந்நூறுக்கு வரி இல்லை

கிளீட்டஸ் கொண்டுவந்த டப்பாவில் உப்பு பூத்திருந்தது.
"அடித்தட்டுல வெள்ளம் ஏறினா கூவணும்.
இது கூவல்ல அக்கா, முனங்குது."

பன்னிரண்டு வோல்ட்டில் மாட்டிப் பார்த்தேன்.
சைரனுக்குப் போய்ச் சேர்ந்தது எட்டரை.
மிச்சத்தை நடுவில் நின்று தின்றுகொண்டிருந்தான்
மூன்று கால் வைத்த குட்டையன் ஒருத்தன்.
தொட்டேன். விரல் சுட்டது.

குளச்சலில் கரண்ட் போயிருந்த அரைமணி நேரத்தில்
டேட்டாஷீட்டை மொபைலில் இழுத்துப் பெரிதாக்கினேன்.
தெவிட்டு நிலை வோல்டேஜ்,
கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே.
இரண்டே வரி.
நூற்றைம்பது மில்லி ஆம்பியருக்குப் புள்ளி மூன்று,
ஐந்நூறுக்கு ஒன்று.
சைரன் கேட்பதோ முந்நூறு.
முந்நூறுக்கு வரி இல்லை.

டிப்பிக்கல் என்ற பத்தியில் வெறும் கோடு.
கம்பெனிக்காரன் வாக்குக் கொடுப்பது மேக்சிமத்தில் மட்டும்:
இதற்குமேல் தின்னமாட்டான்,
எவ்வளவு தின்பான் என்று என்னிடம் கேட்காதே.

குளச்சல் தெரியும், முட்டம் தெரியும்,
இடையில் மண்டைக்காடு எங்கே என்று சொல்ல
ஒரு நேர்க்கோடு போதும் என்கிறது கணக்கு.
கரை அப்படி ஓடாது என்பது
இங்கே நண்டுக்கும் தெரியும்.
ஆனாலும் போட்டேன்.
முந்நூற்றைம்பது ஏறினால் புள்ளி ஏழு ஏறும்,
நூற்றைம்பது ஏறினால் புள்ளி மூன்று.
ஆக, புள்ளி ஆறு.
பேட்டரி ரசீதின் முதுகில் எழுதி அடிக்கோடிட்டேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது, பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை:
பேஸுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால்.
நூறு மடங்கு பெருக்குவேன் என்று
முதல் பக்கத்தில் அவனே பீற்றிக்கொள்வான்.
நம்பாதே. பத்து என்று வை.
தெவிட்டத் தெவிட்ட ஊட்டினால்தான்
அடுத்தவன் பங்கைத் தொடாமல் நிற்பான்.

முன்னே செய்தவர் போட்டிருந்தது
நாலு புள்ளி ஏழு கிலோ ஓம்.
இரண்டு மில்லி சொச்சம். பட்டினி.
பசித்தவன் வழியில் போனதை எடுத்துத் தின்றான்,
அவனையா ஏச?

முந்நூற்று முப்பது ஓம் வைத்தேன், அரை வாட்டில்.
கால் வாட் வைத்தால் அது கருகி
இன்னொரு கிளீட்டஸ் இன்னொரு டப்பாவோடு வருவான்.

கரண்ட் வந்தது. மீட்டரைக் குத்தினேன்.
புள்ளி இரண்டு இரண்டு.
"ஆறுன்னுல்லா சொன்னிய?"
ஆமாம்.
இவன் நல்லவன்.
அடுத்த பாக்கெட்டில் வருகிறவனை நான் பார்த்ததில்லை.
ரசீதில் ஆறை அடிக்கவில்லை.

சைரன் கூவியது.
எதிரே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த தாசையன்
காதைப் பொத்திக்கொண்டு என் வம்சத்தை விசாரித்தார்.

இருநூறுக்குமேல் ஆகாது என்று
காலையிலேயே சொல்லியிருந்தேன்.
நூற்றிருபதை மேசையில் வைத்துவிட்டு
டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான் கிளீட்டஸ்.
"அக்கா, நீங்க மேக்சிமம் தானே சொன்னிய."